விக்டோரியா ஹாலில் நாடகம் தொடங்கும் மூன்றாவது மணி அடிக்கட்டும்

பெருநகர சென்னை மாநகராட்சி மேயர் அவர்களுக்கும் ஆணையர் அவர்களுக்கும்,

வணக்கம். வட சென்னையில் ஒரு சின்ன நாடகக் குழு நடத்துகிறோம். வருஷத்துக்கு இரண்டு நாடகம் மேடையேற்றினாலே எங்களுக்குப் பெரிய காரியம்.

முதலில் நன்றி. உங்கள் ரிப்பன் மாளிகைக்குப் பக்கத்திலேயே நிற்கும் விக்டோரியா பொது அரங்கத்தைப் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் பஸ் ஜன்னல் வழியாகத்தான் பல வருஷம் பார்த்திருக்கிறேன். எப்போதும் பூட்டிய கதவு, சுவர் விரிசலில் துளிர்த்த அரசங்கன்று. மெட்ரோ வேலை நடந்தபோது தடுப்புகளுக்குப் பின்னால் கோபுரம் மட்டும் தெரியும். இனி இது தேறாது என்றே நினைத்திருந்தேன். சிங்காரச் சென்னை 2.0 திட்டத்தில் எடுத்து, பழைய செங்கல் முகம் கெடாமல் நிமிர்த்திவிட்டீர்கள். மனசார வாழ்த்துகிறேன்.

இந்த மடல் எழுதக் காரணம் அதற்கு அடுத்த விஷயம். அந்த மேடையில் இனி யார் நிற்கப்போகிறார்கள்?

அது ஊர்ப் பணத்தில் எழுந்த கட்டடம். 1880களில் சமஸ்தானங்களும் ஜமீன்தார்களும் வணிகர்களும் நன்கொடை கொடுத்தார்கள். கட்டடக் கலைஞர் சிஷோம் வரைந்தார், ஒப்பந்ததாரர் நம்பெருமாள் செட்டி கட்டினார். விக்டோரியா ராணியின் ஆட்சிப் பொன்விழா 1887இல் வந்தது, அதை ஒட்டிப் பெயர் வைத்தார்கள். 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் பேசியது இங்கேதான். சென்னைக்காரர்கள் முதன்முதலாகச் சலனப்படம் பார்த்ததும் அதே காலத்தில், இங்கேதான்.

ஆனால் எங்களைப் போன்றவர்களுக்கு அது நாடக ஆசிரியர் பம்மல் சம்பந்த முதலியாரின் இடம். 1891இல் அவர் தொடங்கிய சுகுண விலாச சபா என்ற அமெச்சூர் நாடகக் குழு இந்த அரங்கில் வருஷக்கணக்காக நாடகம் போட்டது. கூத்தாடி என்றால் பெண் கொடுக்கத் தயங்கிய காலம் அது. அப்போது வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் பகலில் கோர்ட்டுக்கும் ஆபீசுக்கும் போய்விட்டு, சாயங்காலம் இங்கே வந்து அரிதாரம் பூசினார்கள். சம்பந்த முதலியாரே வக்கீல், பின்னால் நீதிபதி. தமிழ் நாடகத்துக்கு ஊரில் ஒரு மரியாதை வந்தது என்றால், அதில் பெரும்பங்கு இந்த மேடைக்கு உண்டு.

இன்றைய நிலைமையைச் சொல்கிறேன். நாடகம் போடும் சபா அரங்கங்கள் பெரும்பாலும் மயிலாப்பூர், தி.நகர் பக்கம். வால்டாக்ஸ் சாலையில் நாடகம் நடந்த ஒற்றைவாடை தியேட்டர் போன பிறகு, வட சென்னைக்காரன் நாடகம் பார்க்க ஆற்றைத் தாண்டித்தான் போக வேண்டும். எங்கள் ஒத்திகை ஒரு நண்பர் வீட்டு மொட்டை மாடியில் நடக்கிறது. மழை வந்தால் அன்றைக்கு ஒத்திகை இல்லை. போன முறை ஓர் அரங்கத்தில் வாடகை, முன்பணம், மைக் செட், ஜெனரேட்டர் டீசல் என்று கட்டி முடித்தபோது, நடித்தவர்களுக்கு ஆட்டோ காசு கொடுக்கக்கூட மிச்சமில்லை. கடைசிக் காட்சியில் அம்மா வேஷக்காரர் மகனின் சட்டையை மடித்து வைப்பார். வசனமே கிடையாது, இரண்டு நிமிஷம். அதன் நடுவில் காவலாளி பின்பக்க விளக்கை அணைத்துவிட்டார், நேரம் ஆகிவிட்டதாம். அவரைக் குறை சொல்லவில்லை, அவருக்கும் கடைசி பஸ் போய்விடும்.

விக்டோரியா ஹாலுக்கு அந்தக் கவலையே இல்லை. ஒன்பதரைக்கு விட்டாலும் மூர் மார்க்கெட் வளாகத்தில் ஆவடி வண்டியோ கும்மிடிப்பூண்டி வண்டியோ பிடிக்கலாம். ரோட்டைத் தாண்டினால் பார்க் ஸ்டேஷனில் தாம்பரம் வண்டி. மெட்ரோ வாசலிலேயே இருக்கிறது. நாடகத்துக்கு இதைவிடத் தோதான இடம் இந்த ஊரில் எனக்குத் தெரிந்து கிடையாது.

அதனால் கேட்கிறேன். வாரத்தில் இரண்டு சாயங்காலமாவது தமிழ் நாடகத்துக்கென்று ஒதுக்குங்கள். கம்பெனி விழாவுக்கு ஒரு வாடகை, அமெச்சூர் குழுவுக்கு வேறு வாடகை என்று வையுங்கள். யாருக்கு எந்தத் தேதி என்பதை வெளிப்படையாக ஒட்டிவிடுங்கள், சிபாரிசு தேவைப்படக் கூடாது. தெருக்கூத்துக்காரர்களுக்கும் அந்த மேடை கிடைக்கட்டும்.

அப்புறம் ஒரு சின்ன விஷயம், ஆனால் எங்களுக்கு அது உயிர். ஏ.சி. இரைச்சலும் எதிரொலியும் எப்படி இருக்கிறது என்று ஒருநாள் நடிகரை மேடையில் நிறுத்திச் சோதித்துப் பாருங்கள். மைக் இல்லாமல் சாதாரணக் குரலில் அவர் பேச, கடைசி வரிசையில் ஒருவர் உட்கார்ந்து கேட்கட்டும். விளக்கு மாட்ட நாங்கள் பழைய சுவரில் ஆணி அடிக்க மாட்டோம், ஆனால் தனி ஸ்டாண்டு நிறுத்த இடமும் கனமான மின் இணைப்பும் வேண்டும். மேல்மாடியில் நாடகம் என்றால் படுதாவும் தட்டிகளும் ஏற்ற ஒரு வழி வேண்டும். பெண்களுக்குத் தாழ்ப்பாள் உள்ள ஒப்பனை அறை வேண்டும். இதையெல்லாம் முடிவு செய்யும் கூட்டத்துக்கு நாடகக்காரர்கள் நாலு பேரையும் கூப்பிடுங்கள். சம்பளம் எதுவும் வேண்டாம், வந்து உட்கார்ந்து சொல்கிறோம்.

ஒத்திகை பார்க்க நாங்கள் தயார். தேதி மட்டும் கொடுங்கள்.

அன்புடன்,
வட சென்னை நாடகக்காரன் ஒருவன்