நெவ் ஷப்பேலுக்குப் போகும் மகளுக்கு

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். ஊசி போட்ட பிறகு அம்மாவுக்கு மூட்டு வலி கொஞ்சம் தேவலை. ஞாயிற்றுக்கிழமை தோழிகளோடு வட பிரான்சில் நெவ் ஷப்பேல் பக்கம் போவதாகச் சொன்னாய். போனில் இதையெல்லாம் ஆரம்பித்தால் நீ ‘ம்... ம்...’ போட்டுக்கொண்டே லேப்டாப்பில் வேலை பார்ப்பாய். அதனால்தான் எழுதுகிறேன்.

முதல் உலகப் போரில் இறந்த இந்தியச் சிப்பாய்களின் நினைவிடம் நாற்சந்தியிலேயே இருக்கிறது, தேட வேண்டியதில்லை. 15 மீட்டர் உயரத் தூண், அசோகர் தூணை மனதில் வைத்துச் செய்தது. டெல்லியில் செக்ரட்டேரியட் கட்டிடங்களைக் கட்டினாரே ஹெர்பர்ட் பேக்கர், அவர் வடிவமைத்து 1927-ல் திறந்தார்கள். வட்டச் சுவரில் 4,700-க்கும் மேல் பெயர்கள். எல்லாம் கல்லறை இன்னதென்று தெரியாமல் போனவர்களின் பெயர்கள். நம்ம பக்கத்துப் பெயர்களைத் தேடி ஏமாறாதே. பிரான்சுக்குக் கம்பெனி கம்பெனியாகப் போன சேப்பர்கள், அதாவது ராணுவப் பொறியியல் படையினர், வங்காள சேப்பர்களும் பம்பாய் சேப்பர்களும்தான். நம்ம மதராஸ் சேப்பர்களுக்கு வேறு இடம் வாய்த்தது, அதற்கு அப்புறம் வருகிறேன்.

1914 ஆகஸ்டில் ஜெர்மானியர்கள் பெல்ஜியம் வழியாகப் புகுந்தார்கள். செப்டம்பரில் மார்ன் ஆற்றங்கரையில் அவர்களை நிறுத்தினார்கள். அதன் பிறகு இரண்டு பக்கமும் மண்ணைத் தோண்டிக்கொண்டு உட்கார்ந்தாயிற்று, சுவிஸ் எல்லையிலிருந்து வட கடல் வரைக்கும். பிரிட்டிஷ்காரர்களிடம் ஆள் போதவில்லை. இந்தியப் படையின் லாகூர், மீரட் டிவிஷன்கள் செப்டம்பர் கடைசியிலிருந்து மார்சேயில் வந்து இறங்கின. பருத்தி யூனிஃபார்ம். புது ரைஃபிளை அங்கேதான் கையில் கொடுத்தார்கள். அக்டோபர் முடிவதற்குள் குழிக்குள் இருந்தார்கள்.

குழி என்றதும் ஆள் உயரப் பள்ளத்தை நினைத்துக்கொள்ளாதே. நீ மண்ணும் நீரும் படிக்கிறவள், உனக்குச் சட்டென்று புரியும். அந்தப் பகுதி முழுக்கத் தாழ்ந்த களிமண் தரை. குளிர்காலத்தில் ஓரிரண்டு அடி தோண்டினாலே தண்ணீர் வந்துவிடும். கீழே போக முடியாது என்றால் மேலே கட்ட வேண்டியதுதான். மணல் மூட்டை அடுக்கிச் சுவர் எழுப்பினார்கள்.

அந்தச் சுவரை அடுக்குவது சும்மா வேலை இல்லை. 2001-02-ல் ஆபரேஷன் பராக்ரம் என்று எல்லையில் படை குவித்த சமயத்தில் பஞ்சாப் எல்லையில் நானும் மோர்ச்சா (காவல் அரண்) கட்டியிருக்கிறேன், நீ அப்போது கைக்குழந்தை. மூட்டையை முக்கால் பாகம்தான் நிரப்ப வேண்டும். முழுக்க அடைத்தால் உருண்டையாகிவிடும், ஒன்றன்மேல் ஒன்று உட்காராது. கட்டிய வாயும் தையலும் வெளியே தெரியாமல் உள்பக்கம் திரும்பியிருக்க வேண்டும். ஒரு வரிசை நீளவாக்கில், அடுத்தது குறுக்குவாக்கில், செங்கல் கட்டு மாதிரி இணைப்புக்கு மேல் இணைப்பு வராமல். ஒவ்வொரு மூட்டையையும் மண்வெட்டியின் முதுகால் அடித்துத் தட்டையாக்க வேண்டும். ரைஃபிள் குண்டை நிறுத்த மூன்று நான்கு அடி மண்ணாவது வேண்டும். இதை இருட்டில், பேச்சு மூச்சு இல்லாமல், எதிரி வெளிச்சக் குண்டு விட்டதும் அப்படியே அசையாமல் நின்று செய்திருக்கிறார்கள். பகலில் தலை தூக்க முடியாதே.

நேர்க்கோட்டிலும் தோண்ட மாட்டார்கள். சில மீட்டருக்கு ஒரு முறை மடக்கி மடக்கித்தான் போகும். ஒரு மடிப்பில் குண்டு விழுந்தால் அடுத்த மடிப்பில் இருப்பவன் பிழைக்கட்டும் என்று. இதனால் ஒரு சிப்பாய்க்குத் தன் மடிப்பில் நிற்கும் நாலைந்து பேரைத் தவிர யாரையும் பார்க்க முடியாது. சண்டையில் ஜெயிக்கிறோமா தோற்கிறோமா என்பது அவனுக்குக் கடைசியில்தான் தெரியும்.

அக்டோபர் கடைசியில் ஃபெஸ்டுபேர் பக்கம் ஒரு கூர்க்கா பட்டாலியன் பிரிட்டிஷ்காரர்களின் குழிகளை மாற்றி வாங்கிக்கொண்டது. நெட்டையான ஆட்களுக்கு வெட்டிய குழி. கூர்க்காக்கள் உள்ளே நின்றால் வெளியே ஒன்றுமே தெரியவில்லை. நிற்பதற்குப் படி வெட்டிக்கொள்ள நேரம் கிடைப்பதற்குள் ஷெல் விழ ஆரம்பித்துவிட்டது. போர்ச் சரித்திரத்தில் இதற்கு இரண்டு வரிதான் இருக்கும். எனக்கு அந்த இரண்டு வரி படித்தாலே வயிறு கலங்கும்.

டிசம்பர் 20 அன்று ஷிவான்ஷி அருகில் ஜெர்மானியர்கள் நம் ஆட்களின் குழிக்கு அடியிலேயே வெடி வைத்துப் பத்து இடத்தில் கிளப்பினார்கள். எதிரே கண் வைத்துக் காத்திருந்தவனுக்குக் காலுக்குக் கீழே இருந்து சாவு வந்தது. சேப்பர் வேலையை நாங்கள் பெருமையாகப் பேசுவோம், அதன் மறுபக்கம் இதுதான்.

அந்தக் குளிர்காலத்தில் நாள்கணக்கில் முழங்கால் தண்ணீரில் நின்று கால் அழுகியவர்கள் நிறைய. சாப்பாட்டு விஷயத்தில் மட்டும் அக்கறை காட்டினார்கள். ஆடுகளை உயிரோடு கொண்டுவந்து அவரவர் முறைப்படி வெட்டிக்கொள்ள விட்டார்கள். ஊருக்குப் போகும் கடிதத்தையெல்லாம் தணிக்கை அதிகாரிகள் படித்தார்கள் என்பது சிப்பாய்களுக்கும் தெரியும். அதனால் இந்தியப் படையைக் கருப்பு மிளகு என்றும் வெள்ளைக்காரர்களைச் சிவப்பு மிளகாய் என்றும் எழுதினார்கள். கருப்பு தீர்ந்துகொண்டிருக்கிறது என்றால் யாரையும் அனுப்பாதே என்று அர்த்தம். தணிக்கைக்காரர்களுக்கும் அது புரிந்துபோனது, அது வேறு கதை. காயம் பட்டவனுக்கு வீட்டுக்கு விடுதலை என்று நம்பியிருந்தார்கள். ஆறியதும் மறுபடி குழிக்கே அனுப்பியதில்தான் மனம் விட்டுப்போனது.

நீ போகும் இடத்தில் சண்டை 1915 மார்ச் 10 அன்று தொடங்கியது. காலை 7.30-க்கு பீரங்கிகள், சரியாக 35 நிமிடம். 8.05-க்கு ஆட்கள் கிளம்பினார்கள். தாக்கியவர்களில் பாதிப் பேர் இந்தியர்கள். ஒரு மணி நேரத்துக்குள்ளேயே ஊர் கைக்கு வந்துவிட்டது. கார்வால் பட்டாலியன் ஒன்று திசை தவறி, பீரங்கி தொடாத முள்கம்பி வேலிக்கு முன்னால் போய் மாட்டிக்கொண்டது. பக்கத்துப் பட்டாலியனின் கப்பர் சிங் நெகி குழியை ஒவ்வொரு மடிப்பாகப் பிடித்துக்கொண்டே போய் உயிரை விட்டார், பிரிட்டிஷாரின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸ் கொடுத்தார்கள். முள்கம்பியைத் தகர்க்க நீளக் குழாயில் வெடிமருந்து அடைத்து உள்ளே தள்ளும் வேலையை 1912-லேயே பெங்களூரில் நம்ம மதராஸ் சேப்பர் சென்டரில் மெக்ளின்டாக் என்ற கேப்டன் கண்டுபிடித்திருந்தார். ‘பெங்களூர் டார்பிடோ’ என்று உலகம் முழுக்க அதற்கு ஊர் பெயர்தான், நானும் அதில் பயிற்சி எடுத்தவன்.

ஊரைப் பிடித்தபின் ஏன் முன்னேறவில்லை என்றால், என் கணக்கில் டெலிபோன் கம்பிதான் காரணம். ஷெல் விழுந்து அறுந்துபோனது. முன்னால் நிற்பவன் வழி திறந்திருக்கிறது என்று சொல்ல ஆள் ஓட வேண்டும், பதில் வரவும் ஆள் ஓட வேண்டும். அடுத்த தாக்குதல் கிளம்பும்போது மாலை ஆகிவிட்டது. அதற்குள் ஜெர்மானியர்கள் ஆள் சேர்த்துவிட்டார்கள். 13-ஆம் தேதிக்குள் எல்லாம் ஓய்ந்தது. இந்தியப் படையில் மட்டும் செத்தவர்களும் காயம்பட்டவர்களுமாக 4,000-க்கும் மேல். தளபதிகள் பீரங்கிக் குண்டு பற்றாக்குறை என்றார்கள். அதுவும் உண்மைதான், ஆனால் சிக்னல்காரனைக் கேட்டால் வேறு சொல்வான்.

ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்ர் நகருக்கு அருகில் விஷவாயு. ஈரத் துணியை மூக்கில் கட்டிக்கொண்டு நின்ற லாகூர் டிவிஷனில் ஜமேதார் மீர் தஸ்து விக்டோரியா கிராஸ் வாங்கினார். அவருடைய தம்பி மீர் மஸ்து அதற்கு முந்தைய மாதம்தான் ஜெர்மானியர் பக்கம் போய்விட்டிருந்தார். ஒரே வீடு!

1915 கடைசியில் இந்தியக் காலாட்படையை மெசொப்பொத்தாமியாவுக்கு (இன்றைய ஈராக்) மாற்றினார்கள். குட் நகரில் துருக்கியர் முற்றுகையில் சிக்கிய படையை மீட்க, வெள்ளத்திலும் சேற்றிலும் மறுபடி குழி. மீட்க முடியாமல் 1916 ஏப்ரலில் அங்கே சுமார் 13,000 பேர் சரணடைந்தார்கள். மறுவருடம் பிப்ரவரி 23 அன்று ஷும்ரான் வளைவில் டைக்ரிசைப் படகில் கடந்தார்கள். அந்தப் படையில்தான் நம்ம மதராஸ் சேப்பர்கள் இருந்தார்கள். குண்டு மழையில் ஆட்களை அக்கரை சேர்த்து, அன்றைக்குள்ளேயே மிதவைப் பாலமும் போட்டாயிற்று. மார்ச் 11 அன்று பாக்தாத் விழுந்தது. பெங்களூரில் ரெக்ரூட்டாக இருந்தபோது இந்தக் கதையைச் சொல்லித்தான் எங்களைத் துடுப்புப் போட வைப்பார்கள்.

சரி, நீளமாகிவிட்டது. ஷூ போட்டுக்கொண்டு போ, அந்த வயல்களில் செருப்பு ஒட்டிக்கொள்ளும். சுவரில் ரெஜிமென்ட் வாரியாகப் பெயர் இருக்கும், 39 கார்வால் ரைஃபிள்ஸ் எங்கே என்று பார்த்துப் படம் எடுத்து அனுப்பு. வாய்க்கால் ஓரத்தில் மண்ணையும் ஒரு படம் எடு. இப்போது அங்கே எத்தனை அடியில் தண்ணீர் நிற்கிறது, வடிகால் எப்படிப் போட்டிருக்கிறார்கள் என்று உன் பேராசிரியரிடம் கேட்டு எழுது.

அன்புடன்,
அப்பா