ரஜுலாவில் போனவர்களின் பெயர்களைத் தேடித் தாருங்கள்

தமிழ்நாடு ஆவணக் காப்பக ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் 'ரஜுலா' போன்ற நீராவிக் கப்பல்களில் ஏறி, மலேயாவின் பினாங்குக்கும் கிள்ளானுக்கும், சிங்கப்பூருக்கும் டெக் பயணிகளாக, அதாவது கேபின் இல்லாமல் கப்பல் தளத்திலேயே படுத்துப் போன லட்சக்கணக்கான தமிழர்களுக்காக இந்த மடலை எழுதுகிறேன். அவர்கள் எப்படிப் போக வேண்டும் என்று சட்டம் போட்ட அரசின் காகிதங்கள் இன்று உங்கள் பொறுப்பில், எழும்பூர்க் கட்டடத்தில் இருக்கின்றன. அந்தக் காகிதங்களை ஆளோடும் ஊரோடும் சேர்த்துத் தேடக்கூடிய வகையில் எங்களுக்குத் திறந்துவிட வேண்டும். என் கோரிக்கை இவ்வளவுதான். ஏன் கேட்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

1887-ஆம் ஆண்டின் 10-ஆவது சட்டம் 'சுதேசிப் பயணிக் கப்பல்' சட்டம். எந்தக் கப்பல் இதற்குள் வரும் என்பதை அது ஏறுகிறவர்களின் பிறப்பை வைத்து முடிவு செய்தது. ஆசியா அல்லது ஆப்பிரிக்காவைச் சேர்ந்த சுதேசிகளைக் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் ஏற்றினால் அந்தக் கப்பலுக்குத் தனி விதி. ஒரு ஆளுக்கு எத்தனை சதுர அடி, எத்தனை கன அடி, குடிதண்ணீர் எவ்வளவு, விறகு எவ்வளவு என்று எல்லாவற்றுக்கும் அளவு வைத்தார்கள். 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் இரண்டு பேர் சேர்ந்தால் ஒரு பயணி. ஒரு வயது நிரம்பாத கைக்குழந்தை கணக்கிலேயே கிடையாது. தாயின் மடியே அதற்குச் சட்டம் கொடுத்த இடம்.

இதில் நன்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். சட்டம் இல்லாத காலத்தில் கப்பல் முதலாளிகள் மூட்டை அடுக்குவதுபோல ஆட்களை அடுக்கினார்கள். 1880-இல் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் ஏறிய ஹஜ் பயணிகள் ஏறத்தாழ ஆயிரம் பேரோடு போன 'ஜெட்டா' கப்பலில் தண்ணீர் புகுந்தபோது, கேப்டனும் அதிகாரிகளும் அவர்களை நடுக்கடலில் விட்டுவிட்டுப் படகில் இறங்கிப் போனார்கள். ஏடன் துறைமுகத்துக்குப் போய்க் கப்பல் மூழ்கிவிட்டது என்றும் சொன்னார்கள். அப்புறம் இன்னொரு கப்பல் இழுத்து வர, பயணிகளோடு 'ஜெட்டா' ஏடனுக்கு வந்து சேர்ந்தது. அந்தக் கேப்டனுக்குக் கிடைத்த தண்டனை, மூன்று ஆண்டுகளுக்கு உரிமம் நிறுத்தம். ஏழைப் பயணியின் உயிருக்கு அன்று இருந்த மதிப்பு அவ்வளவுதான் என்பதால், சதுர அடிக் கணக்காவது எழுத்தில் இருந்தது நல்லதே.

ஆனால் அந்தச் சட்டம் கப்பல் புறப்படும் முன் கேப்டனிடம் கேட்ட அறிக்கையைப் பாருங்கள். மொத்தம் எத்தனை பயணிகள், அதில் ஆண் எத்தனை, பெண் எத்தனை. பெயர் கேட்கவில்லை. வழியில் யாராவது இறந்தால் தேதியும், இறப்புக்கு என்ன காரணமாக இருக்கலாம் என்பதும் அதில் குறிக்கப்பட வேண்டும். இதே மண்ணிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போனவர்களுக்கு ஆளுக்கு ஒரு பதிவு உண்டு. பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, கிராமம், தாலுகா எல்லாம் அதில் இருக்கும். 1860-இலிருந்து 1911 வரை அங்கே போன 1,52,000-க்கும் மேற்பட்டவர்களின் கப்பல் பட்டியல் இன்று கணினியில் ஏறியிருக்கிறது. டர்பனில் இருக்கும் ஒருவர் தன் பூட்டன் எந்த ஊர் என்பதை வீட்டில் உட்கார்ந்தபடி தேடலாம். தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி மலேயாவுக்கு அழைத்துப்போனவர்களுக்கும் சொந்தக் காசில் டெக் டிக்கெட் வாங்கியவர்களுக்கும் அப்படி ஒன்று இல்லை. மலேசியாவிலிருந்து ஊரைத் தேடி வருகிறவர்கள் "தஞ்சாவூர்ப் பக்கம்", "திருச்சி ஜில்லா" என்பதற்கு மேல் சொல்லத் தெரியாமல் நிற்பது இதனால்தான்.

1912-இல் டைட்டானிக் மூழ்கிய பிறகு கடல் பயணப் பாதுகாப்புக்கு உலக அளவில் ஒப்பந்தம் எழுதினார்கள். 1929-இல் அது மறுபடி எழுதப்பட்டபோது, படுக்கை இல்லாத பயணிகளைப் பெருங்கூட்டமாக ஏற்றும் கப்பல்களுக்கு விலக்குத் தர ஒரு வழியும் சேர்த்து எழுதப்பட்டது. அந்தக் கப்பல்களுக்கென்று 1931-இல் சிம்லாவில் கூடித் தனி விதிகள் செய்தார்கள். அவற்றுக்குப் பெயரே சிம்லா விதிகள். கடலே இல்லாத மலை ஊரில் உட்கார்ந்து, நம் ஆட்கள் போகும் கப்பலுக்கு எவ்வளவு பாதுகாப்பு போதும் என்று தீர்மானித்த விதிகள் அவை. 1970-களில் புதிய ஒப்பந்தங்கள் வரும் வரை இவைதான் நடைமுறையில் இருந்தன.

நம் ஆட்களை ஏற்றிப்போன ரஜுலா 1926-இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்ட கப்பல், 8,500 டன்னுக்குச் சற்றுக் குறைவு. தொடக்கத்தில் அதற்குக் கிடைத்த சான்றிதழின்படி 5,000-க்கும் மேற்பட்ட பயணிகளை ஏற்றலாம். 46,000 டன் டைட்டானிக்கில் கடைசிப் பயணத்தின்போது இருந்தவர்கள், மாலுமிகளையும் சேர்த்துச் சுமார் 2,200 பேர். இந்த இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

டெக் பயணம் எப்படி இருந்தது என்பதற்குக் காந்தியே சாட்சி. 1915-இல் கல்கத்தாவிலிருந்து ரங்கூனுக்கு டெக்கில் போனவர், குளியலறையின் அழுக்கையும் கழிப்பறையின் நாற்றத்தையும், மலத்தையும் சிறுநீரையும் மிதித்தோ தாண்டியோதான் உள்ளே போக முடிந்ததையும் எழுதியிருக்கிறார். நாகப்பட்டினத்தில் ஏறுவதே ஒரு சோதனை. கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். படகில் போய், அலையில் ஆடிக்கொண்டே ஏணியைப் பிடிக்க வேண்டும். அதற்கு முன்னால், கப்பலேறுகிறவர்களைத் தங்கவைக்கும் முகாமான டிப்போவில் அம்மை குத்தல், துணிகளுக்குக் கிருமி நீக்கம், மருத்துவச் சோதனை. ஏறத்தாழ ஒரு வாரக் கடலுக்குப் பிறகு கேபின் பயணி நேரே கரை இறங்குவார். டெக் பயணியைப் பினாங்கில் ஜெராஜாக் தீவுக்கோ சிங்கப்பூரில் செயின்ட் ஜான்ஸ் தீவுக்கோ கொண்டுபோய்த் தனிமையில் வைப்பார்கள். ஒரே கப்பலில் ஒரே காற்றைச் சுவாசித்து வந்தவர்களில் யாருக்கு நோய் இருக்கக்கூடும் என்பதை டிக்கெட்டின் விலை முடிவு செய்தது.

எங்கள் வீட்டுப் பரணில் தாத்தாவின் டிரங்குப் பெட்டி இருக்கிறது. மூடியில் வெள்ளைப் பெயிண்டில் அவர் பெயரும் அதற்குக் கீழே 'பினாங்கு' என்றும் எழுதியிருக்கும். எழுதினவர் கைக்கு இடம் போதாமல் கடைசி எழுத்து விளிம்பில் வளைந்து இறங்கியிருக்கும். மூட்டை முடிச்சுகளுக்கு நடுவே தன் பெட்டி எது என்று தெரியட்டும் என்று அவராகவே எழுதிக்கொண்டது. அவர் கப்பல் ஏறியதற்கு எங்களிடம் உள்ள ஒரே எழுத்துச் சான்று அதுதான். நாகை, நாகூர், காரைக்கால், தஞ்சை, இராமநாதபுரம் பக்கங்களில் இப்படிப் பெட்டிகள் இன்னும் எத்தனையோ வீடுகளில் கிடக்கின்றன. பழைய இரும்புக்காரருக்குப் போய்க்கொண்டும் இருக்கின்றன.

உங்களிடம் இருப்பவை வேறு வகை. சென்னை மாகாண அரசின் ஆணைகள், துறைமுகங்களோடு நடந்த கடிதப் போக்குவரத்து, 1922 சட்டப்படி நியமிக்கப்பட்ட குடிபெயர்வோர் பாதுகாவலரின் அறிக்கைகள், மனுக்கள், கப்பல் நிறுவனங்களின் மேல் வந்த புகார்கள். தலை எண்ணும் அறிக்கையில் பெயர் இருக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மனு போட்டவருக்குப் பெயர் உண்டு. டிப்போவிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவரைப் பற்றியோ வழியில் இறந்தவரின் சம்பளப் பாக்கியைப் பற்றியோ கடிதம் எழுதப்பட்டிருந்தால் அதில் பெயரும் ஊரும் இல்லாமல் இருக்காது. இன்றைய நிலையில் ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிறவர், துறையும் ஆண்டும் ஆணை எண்ணும் தெரிந்தால்தான் அந்தக் கோப்பை நெருங்க முடியும். கிள்ளானிலிருந்து பத்து நாள் லீவில் வரும் ஒரு லாரி டிரைவர் அரசாணை எண்ணுக்கு எங்கே போவார்?

முதலில் நாகப்பட்டினம் துறைமுகம், குடிபெயர்வு சம்பந்தப்பட்ட கோப்புகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 1887-இலிருந்து, தோட்டக் கூலிகளை அனுப்புவதை இந்திய அரசு நிறுத்திய 1938 வரை போதும். அவற்றில் வரும் ஆள் பெயர், ஊர்ப் பெயர், கப்பல் பெயர் மூன்றையும் தமிழில் தேடும்படி அட்டவணை போடுங்கள். ஆங்கிலக் குமாஸ்தாக்கள் நம் ஊர்ப் பெயர்களைத் தாறுமாறாக எழுதியிருப்பார்கள். அவற்றைச் சரியாகப் படிக்க அந்தந்த ஊர்க்காரர்கள்தான் வேண்டும். எங்களைப் போன்றவர்களைக் கூப்பிடுங்கள். பள்ளிக்கூட வாத்தியார்கள், ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர்கள், பழைய தாலுகா எல்லை தெரிந்தவர்கள் என்று வேலை செய்ய ஆட்கள் இருக்கிறார்கள்.

இன்னொன்று இதைவிட அவசரம். ரஜுலா 1973 வரை ஓடியது. அதற்குப் பின் வந்த 'சிதம்பரம்' கப்பலில் 1985-இல் தீப்பிடித்து உயிர்கள் போன பிறகு அந்தக் கடல் வழியே நின்றுபோனது. டெக்கில் பாய் விரித்துப் படுத்துப் போனவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள், பலருக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. அவர்கள் பேசுவதைப் பதிவு செய்யுங்கள். கையில் இருக்கும் டிக்கெட், அம்மை குத்திய சீட்டு, பழைய பாஸ்போர்ட் ஆகியவற்றைப் படம் எடுத்துக்கொண்டு அசலை அவர்களிடமே திருப்பிக் கொடுங்கள். அசலைக் கேட்டால் யாரும் தர மாட்டார்கள், அது நியாயமும்கூட.

2023-இல் நாகையிலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டபோது ஊரே துறைமுகத்தில் திரண்டது. மாவட்ட நிர்வாகமும் தமிழ்நாடு கடல்சார் வாரியமும் மனம் வைத்தால், பதிவு செய்யும் முகாமை அந்தத் துறைமுக வளாகத்திலேயே நடத்தலாம். பெரியவர்களைக் கூட்டி வருவது எங்கள் பொறுப்பு. பதிவு செய்யத் தெரிந்த இரண்டு அலுவலர்களை அனுப்பி, ஒரு தேதி சொல்லுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் என்றால் நல்லது, மழைக்காலத்தில் அவர்களால் வெளியே வர முடியாது.

இப்படிக்கு,
ஒரு டெக் பயணியின் பேரன்,
நாகப்பட்டினம்