கம்பி இல்லாத சிறை: மாமாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மாமா,

சிரிப்புக்காக எடுத்த வெஸ்டர்ன் படம், அதாவது அமெரிக்க மேற்கின் துப்பாக்கிக்காரர்களையும் ஷெரிஃப் என்ற ஊர்க் காவல் அதிகாரிகளையும் பற்றிய படம், எதையும் பார்ப்பதில்லை என்று போன வாரம் தொலைபேசியில் சொன்னீர்கள். அந்த உலகத்தைக் கேலி செய்கிறவர்களோடு உங்களுக்குப் பேச்சே இல்லை என்றும் சொன்னீர்கள். நின்று பேசி முடிக்கிற விஷயமாக எனக்கு அது படவில்லை, அதனால் எழுதுகிறேன். உங்களைப் போலவே நினைக்கிற வெஸ்டர்ன் ரசிகர்கள் பலரை எனக்குத் தெரியும். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் இதைப் பொதுவில் வைக்கிறேன்.

நான் சொல்ல வருவது 1969-இல் வந்த 'சப்போர்ட் யுவர் லோக்கல் ஷெரிஃப்' என்ற படத்தைப் பற்றி. ஜேம்ஸ் கார்னர் நாயகன், பர்ட் கென்னடி இயக்குநர், எழுதியவர் வில்லியம் பவர்ஸ். நீங்கள் கொண்டாடும் 'தி வைல்ட் பன்ச்' வெளிவந்ததும் அதே ஆண்டுதான். அதன் இயக்குநர் சாம் பெக்கின்பா ஒரு பக்கம் வெஸ்டர்னுக்கு ரத்தத்தால் முடிவுரை எழுதிக்கொண்டிருந்தபோது, கென்னடியும் பவர்ஸும் மறுபக்கத்தில் அதே துப்பாக்கி, அதே தூசி பறக்கும் தெரு, அதே ஷெரிஃப் நட்சத்திரத்தை வைத்துக்கொண்டு மனம் விட்டுச் சிரிக்கும்படி ஒரு படம் எடுத்திருக்கிறார்கள். அந்தச் சிரிப்பில் இளக்காரம் துளியும் இல்லை. நீங்கள் நம்ப வேண்டும் என்று நான் விரும்புவது இதைத்தான்.

கதை கொலராடோவில் காலண்டர் என்ற ஊரில் நடக்கிறது. ஒரு நாடோடியைப் புதைக்கக் குழி வெட்டியிருக்கிறார்கள். பாதிரியார் பிரார்த்தனை செய்துகொண்டிருக்கும்போதே குழிக்குள் தங்கம் மின்னுகிறது. துக்கத்துக்கு வந்தவர்கள் சவப்பெட்டியை மறந்து குழிக்குள் குதிக்கிறார்கள். அவ்வளவுதான், ஒரு ஊர் பிறந்துவிடுகிறது. சட்டம் இல்லை, ஒழுங்கு இல்லை, தெருவெல்லாம் அடிதடி. ஊரைவிட்டுத் தங்கத்தை எடுத்துச் செல்லும் ஒரே பாதை டான்பி குடும்பத்தின் கையில். போகிற தங்கத்தில் 20 சதவீதத்தை அவர்கள் பிடுங்கிக்கொள்கிறார்கள். ஷெரிஃப் வேலைக்கு வருகிறவர்கள் யாரும் நிலைப்பதில்லை. அங்கே வந்து சேர்கிறான் ஜேசன் மெக்கல்லோ. ஆஸ்திரேலியாவுக்குப் போகும் வழியில் கைச்செலவுக்குக் கொஞ்சம் காசு வேண்டும், அதற்காக ஷெரிஃப் வேலையை ஏற்றுக்கொள்கிறான். படம் முழுக்க அவன் எல்லோரிடமும் தான் ஆஸ்திரேலியாவுக்குப் போகிறவன் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறான்.

இனி அந்தச் சிறைக் காட்சி. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மெக்கல்லோ வந்ததும் முதலில் கைது செய்வது டான்பி குடும்பத்தின் இளைய மகன் ஜோவை. நடித்தவர் புரூஸ் டெர்ன், பிற்பாடு 'தி கௌபாய்ஸ்' படத்தில் ஜான் வெய்னை முதுகில் சுட்டு உங்கள் வெறுப்பைச் சம்பாதித்தாரே, அவரேதான். சிறை புதிது, சுவர் இருக்கிறது, கட்டில் இருக்கிறது. கம்பி மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. மெக்கல்லோ பதறுவதில்லை. சுண்ணக்கட்டியால் தரையில் ஒரு கோடு போடுகிறான், அதுதான் சிறையின் எல்லை. கோட்டுக்கு அருகே தரையில் சிவப்புப் பெயிண்ட் சில சொட்டுகள். இதற்கு முன்பு கோட்டைத் தாண்டப் பார்த்தவனின் கதி அது என்று, வருத்தம் தோய்ந்த குரலில், ஜோவுக்குப் புரியவைக்கிறான். மிரட்டல் இல்லை, குரலை உயர்த்துவதும் இல்லை. ஜோ அந்தச் சிவப்புச் சொட்டுகளைப் பார்க்கிறான், கோட்டைப் பார்க்கிறான், ஷெரிஃபின் முகத்தைப் பார்க்கிறான். ஊரே நடுங்கும் கொலைகாரன், எதிரே வெறும் காற்றுதான் இருக்கிறது, ஆனாலும் கோட்டுக்கு உள்ளேயே உட்கார்ந்துவிடுகிறான்.

டெர்னின் முகத்தை அப்போது நீங்கள் பார்க்க வேண்டும் மாமா. தன் மூளை தன்னை ஏமாற்றுகிறதா, இல்லை எதிரில் நிற்பவன் ஏமாற்றுகிறானா என்று தீர்மானிக்க முடியாத ஒரு தவிப்பு. எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது, சிரித்து முடித்ததும் ஒரு பிரமிப்பும் வருகிறது. வெஸ்டர்ன் படங்கள் எல்லாமே சட்டம் இல்லாத இடத்துக்குச் சட்டம் எப்படி வருகிறது என்ற கேள்வியைத்தானே கேட்கின்றன? இதே கேள்விக்காக இயக்குநர் ஜான் ஃபோர்டு ஒரு படம் முழுவதையும் செலவிட்டிருக்கிறார். பவர்ஸ் ஒரு சுண்ணக்கட்டியில் பதில் சொல்லிவிட்டார். சட்டம் என்பது தரையில் போட்ட கோடு. அது இருக்கிறது என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளும் வரை இருக்கும். அப்படி ஒப்புக்கொள்ள வைக்க, நிதானமாகப் பேசத் தெரிந்த ஒரு ஆள் போதும்.

இதைக் கேலி என்று எப்படிச் சொல்வது? நிஜமான மேற்கே இப்படித்தான் இருந்தது. அன்றைய மேற்கத்திய ஊரான டாட்ஜ் சிட்டியில் ஊருக்குள் துப்பாக்கி எடுத்து வரக்கூடாது என்று விதி இருந்தது. டூம்ஸ்டோனிலும் அப்படி ஒரு விதி உண்டு. 1881 அக்டோபர் 26 அன்று ஓ.கே. கொரால் அருகே நடந்த சண்டை மூண்டதற்கு ஒரு காரணம், சட்ட அதிகாரிகளான ஏர்ப் சகோதரர்கள் அந்த விதியை அமல்படுத்தப் போனது. வரி வசூலிப்பது, குடித்துவிட்டுக் கலாட்டா செய்கிறவர்களை அடைத்து வைப்பது, துப்பாக்கியை வாங்கி வைத்துக்கொள்வது, அன்றைய சட்ட அதிகாரிகளின் வேலையில் பெரும்பகுதி இதுதான். அந்த வகையில் மெக்கல்லோ பல தீவிரமான நாயகர்களைவிட உண்மைக்குப் பக்கத்தில் நிற்கிறான். நாம் இருவரும் தலைமேல் வைத்துக் கொண்டாடும் 'மை டார்லிங் கிளமென்டைன்' படத்தில் அந்தச் சண்டையில் ஏர்ப் சகோதரர்களின் எதிரிக் குடும்பத் தலைவராகக் கிழட்டு கிளான்டன் வருகிறாரே, நிஜத்தில் அவர் அதற்கு இரண்டு மாதம் முன்பே கொல்லப்பட்டுவிட்டார். அதனால் அந்தப் படத்தின் மீது எனக்கு மதிப்பு கொஞ்சமும் குறையவில்லை, உங்களுக்கும் குறையாது. சிரிக்க வைக்கும் படத்துக்கும் அதே சலுகையைக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

அந்தப் படத்தில் கிளான்டனாக நடித்தவர் வால்டர் பிரென்னன். 'சப்போர்ட் யுவர் லோக்கல் ஷெரிஃப்' படத்தில் டான்பி குடும்பத்தின் தலைவரும் அவரேதான்! அதே கொடூரமான அப்பா, சுற்றி அதே மாதிரி மகன்கள், 23 வருடம் கழித்து. இத்தோடு போகவில்லை. 'ரியோ பிராவோ'வை நினைத்துப் பாருங்கள். சிறையில் ஒரு பணக்காரனின் தம்பி, வெளியே அவனை மீட்கக் காத்திருக்கும் கூட்டம், உள்ளே துப்பாக்கியோடு கைதியைக் காவல் காக்கும் நொண்டிக் கிழவர் ஸ்டம்ப்பி. அந்த ஸ்டம்ப்பியும் பிரென்னன்தான். அங்கே கைதியின் பெயர் ஜோ, இங்கேயும் ஜோ. பத்து வருடம் முன்பு சிறைக்கு உள்ளே இருந்து காவல் காத்தவர், இப்போது சிறைக்கு வெளியே நின்று மகனை விடச் சொல்லி மிரட்டுகிறார். இந்தப் படங்களை மனப்பாடமாக வைத்திருக்கிற உங்களைப் போன்ற ஒருவருக்குத்தான் இதன் முழு ருசியும் கிடைக்கும். கேலி செய்ய வந்தவர்கள் இவ்வளவு நுணுக்கமாக நினைவில் வைத்திருக்க மாட்டார்கள்.

கிழவர் டான்பி ஷெரிஃப் அலுவலகத்துக்குள் வந்து துப்பாக்கியை நீட்டும் காட்சி ஒன்று உண்டு. மெக்கல்லோ தன் துப்பாக்கியைத் தொடவே இல்லை. சுட்டுவிரலை எடுத்துக் கிழவரின் துப்பாக்கிக் குழாய்க்குள் செருகிவிடுகிறான். பிரென்னன் முகத்தில் முதலில் கோபம்கூட வருவதில்லை. வாழ்நாள் முழுக்க ஒரு முறைப்படி கொலை செய்து வந்த மனிதரிடம் யாரோ அந்த முறையையே மதிக்காமல் நடந்துகொண்டால் எப்படி இருக்கும், அந்த அதிர்ச்சிதான் தெரிகிறது. மூன்று முறை ஆஸ்கர் வாங்கிய நடிகர், வேடிக்கை காட்டுகிறோம் என்ற நினைப்பே இல்லாமல் நடிக்கிறார். யாருமே இந்தப் படத்தில் சிரிப்புக்காக நடிப்பதில்லை, அதனால்தான் நமக்குச் சிரிப்பு வருகிறது.

எழுதிய பவர்ஸைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிரெகரி பெக் நடித்த 'தி கன்ஃபைட்டர்' (1950) உங்கள் முதல் ஐந்து படங்களில் ஒன்று. அதை எழுதியவர்களில் ஒருவர் இதே பவர்ஸ். எந்த ஊருக்குப் போனாலும் பெயர் வாங்கத் துடிக்கும் ஒரு பொடியன் சண்டைக்கு இழுக்கிறான், அதிலிருந்து தப்பவே முடியாமல் நாயகன் ஜிம்மி ரிங்கோ சாகிறான். எவ்வளவு துயரமான கதை. 19 வருடம் கழித்து அதே சூழலுக்குத் திரும்பி வருகிறார் பவர்ஸ். துப்பாக்கிக்காரன் ஒருவன் தெருவில் நின்று மெக்கல்லோவைச் சண்டைக்கு அழைக்கிறான். மெக்கல்லோ குனிந்து கல்லைப் பொறுக்கி அவன்மீது எறிகிறான். இன்னொரு கல். இன்னும் ஒன்று. வந்தவன் அவமானம் தாங்காமல் ஓடுகிறான். தெருநாயை விரட்டுவது போல ஒரு கொலைகாரனை விரட்டியாயிற்று, ஒரு உயிரும் போகவில்லை. ரிங்கோவுக்குக் கிடைக்காத வழியை அவனைப் படைத்தவரே பிற்பாடு கண்டுபிடித்துக் கொடுத்த மாதிரி எனக்குத் தோன்றும். அந்த இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பாருங்கள், நான் சொல்வது புரியும். கென்னடியும் சாமானியர் இல்லை. நடிகர் ராண்டால்ஃப் ஸ்காட்டுக்காக 'செவன் மென் ஃப்ரம் நவ்', 'ரைட் லோன்சம்' ஆகிய இறுக்கமான படங்களை எழுதியவர் அவர்தான்.

கார்னரைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 'மேவரிக்' தொலைக்காட்சித் தொடரிலேயே, வம்பு வந்தால் விலகிப் போகப் பார்க்கும் நாயகனாக அவர் நிலைபெற்றுவிட்டார். கொரியப் போரில் காயம்பட்டு இரண்டு முறை பர்ப்பிள் ஹார்ட் பதக்கம் பெற்றவர். தைரியத்தை நடித்துக் காட்ட வேண்டிய அவசியம் அவருக்கு இல்லாததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அத்தையையும் கூட உட்கார வைத்துக்கொள்ளுங்கள். ஜோன் ஹாக்கெட் நடித்திருக்கும் புரூடி என்ற பெண்ணை அத்தைக்கு நிச்சயம் பிடிக்கும். மேயரின் மகள். குழியில் தங்கம் இருப்பதை முதலில் பார்த்துக் குதித்து உரிமை கொண்டாடியவள் அவள்தான். மெக்கல்லோ அவளை முதலில் பார்க்கும்போது தெருச் சண்டையில் உருண்டு உடம்பெல்லாம் சேறு. வெட்கப்பட்டு மரத்தில் ஏறி ஒளிந்துகொள்கிறாள். அடுப்படியில் நிற்கும்போது அவள் உடையில் தீப்பற்றுகிறது. வெஸ்டர்ன் படங்களில் பெண்கள் பெரும்பாலும் ஜன்னல் ஓரத்தில் நின்று கவலைப்படுவார்கள், அல்லது மதுக்கடையில் பாடுவார்கள். புரூடி இரண்டையும் செய்வதில்லை. டான்பி கூட்டம் மொத்தமாக வரப்போகிறது என்று தெரிந்ததும் மெக்கல்லோ ஊரைவிட்டுப் போய்விடலாம் என்கிறான். என்ன பக்குவமான முடிவு என்று அவள் மனதார மெச்சுகிறாள். அந்தப் பாராட்டைக் கேட்ட பிறகுதான் அவனுக்குப் போகப் பிடிக்கவில்லை! 'ஹை நூன்' படத்தில் கேரி கூப்பரும் கிரேஸ் கெல்லியும் கண்ணீரோடு பேசிய விஷயம் அது. இங்கே இரண்டு வரியில் தலைகீழாகிவிடுகிறது. அப்படியும் அந்தக் காதல் குறைந்து போவதில்லை.

கடைசியாக ஜாக் ஈலம். சின்ன வயதில் பட்ட அடியில் ஒரு கண் பார்வை போனவர், அந்த முகத்தை வைத்தே வருடக்கணக்கில் அடியாள் வேஷம்தான் கொடுத்தார்கள். 'ஒன்ஸ் அபான் எ டைம் இன் தி வெஸ்ட்' தொடக்கத்தில் ரயில் நிலையத்தில் காத்திருந்து, முகத்தில் உட்கார்ந்த ஈயைத் துப்பாக்கிக் குழாய்க்குள் பிடித்து வைப்பவர் அவர்தான். அந்தக் காட்சியை நீங்கள் எத்தனை முறை எனக்கு விவரித்திருப்பீர்கள்! அதற்கு மறு வருடம் இந்தப் படத்தில் அவருக்கு ஜேக் என்ற பாத்திரம். ஊரில் யாரும் பொருட்படுத்தாத எடுபிடி. மெக்கல்லோ அவனைத் துணை ஷெரிஃப் ஆக்குகிறான். ஈலம் அந்தப் பதவியை நம்ப முடியாமல் சுமந்துகொண்டு நடக்கிறார். பயம் தீரவே இல்லை, ஆனாலும் நண்பனை விட்டு நகர்வதில்லை. வாழ்க்கை முழுவதும் சுடப்பட்டு விழுந்த ஒரு நடிகருக்கு, கடைசிவரை உயிரோடு இருந்து நம்மைப் பார்த்து நேரே பேசும் வாய்ப்பைக் கொடுத்திருக்கிறார்கள். என்ன பேசுகிறார் என்பதை நான் சொல்லமாட்டேன். பீரங்கி வரும் காட்சியைப் பற்றியும் வாய் திறக்கமாட்டேன்.

ஒன்றரை மணி நேரப் படம்தான். வரும் ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிட்டு அன்று இரவே கூப்பிடுங்கள். பிடித்திருந்தால் 1971-இல் கென்னடி, கார்னர், ஈலம் மூவரும் மறுபடி சேர்ந்த 'சப்போர்ட் யுவர் லோக்கல் கன்ஃபைட்டர்' இருக்கிறது. பெயரைப் பார்த்து இரண்டாம் பாகம் என்று நினைக்க வேண்டாம், கதை முற்றிலும் வேறு. முந்தையதின் உயரத்துக்கு வரவில்லை என்பது என் அபிப்பிராயம். இருந்தாலும் ஈலத்துக்காகப் பார்க்கலாம்.

அத்தைக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகன்