தமிழ்வழி வகுப்புகளுக்குத் தகுதியுள்ள ஆசிரியர்களை நியமிக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
தமிழ்வழி மாணவர்களின் பெற்றோரும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும்,
தாராவி, மும்பை – 400017.

பெறுநர்:
கல்வி அதிகாரி அவர்கள்,
மாநகராட்சிக் கல்வித் துறை, மும்பை.

பொருள்: தமிழ்வழிப் பள்ளிகளில் ஆசிரியர் காலிப்பணியிடங்களை நிரப்புதல், தமிழில் பணியிடைப் பயிற்சி அளித்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். மராத்தி, இந்தி, உருதுப் பள்ளிகளோடு தமிழ்வழிப் பள்ளிகளையும் மாநகராட்சி நடத்தி வருவதற்கு நன்றி. இம்மனு அந்த வகுப்புகளில் பாடம் நடத்தும் ஆசிரியரைப் பற்றியது.

தமிழ் வாசிப்பில் பிள்ளைகள் முதலில் தடுக்கி விழுவது கொம்பில்தான். ‘கொடி’ என்ற சொல்லில் ஒற்றைக்கொம்பு முன்னே, ககரம் நடுவே, துணைக்கால் பின்னே. இடமிருந்து வலமாகப் பார்க்கும் பிள்ளை ‘கெடி’ என்றோ ‘காடி’ என்றோ வாசிக்கும். பயிற்சி பெற்ற ஆசிரியர் கெ, கா, கொ மூன்றையும் அட்டையில் அடுத்தடுத்து வைத்து வாய்விட்டுப் படிக்க வைப்பார். ஆள் இல்லையென்று அனுப்பப்படும் ஒருவர் ‘பத்து முறை எழுது’ என்பார். கை வடிவத்தை எழுதிப் பழகும், ஒலி மனதில் ஏறாது. மும்பையில் இன்னொன்றும் சேர்கிறது. மராத்தியில் ககர வரிசைக்கு நான்கு எழுத்துகள் படிக்கும் பிள்ளை, ‘கல்’, ‘பகல்’, ‘தங்கம்’ மூன்றிலும் ஒரே ‘க’ ஏன் வெவ்வேறாக ஒலிக்கிறது என்று திகைக்கும். இரண்டு எழுத்துமுறையும் தெரிந்தவரால்தான் இதை விளக்க முடியும்.

கணக்கிலும் இதே நிலைதான். 52-இல் 17 போனால் 45 என்று பல பிள்ளைகள் எழுதுவார்கள். 2-இல் 7 போகாததால் 7-இல் 2-ஐக் கழித்துவிடுகிறார்கள். இது கவனக்குறைவு இல்லை, கடன் வாங்குதல் புரியாததால் வரும் பிழை. பத்துக் குச்சிக் கட்டு ஒன்றை அவிழ்த்து ஒன்றுகளோடு சேர்த்துக் காட்டினால் 35 எப்படி வருகிறது என்று கண்ணெதிரே தெரிந்துவிடும். சிவப்பு மையில் ‘தவறு’ என்று போட்டு அடுத்த கணக்குக்குப் போனால், ஐந்தாம் வகுப்பில் வகுத்தலிலும் அதே பிழை தொடரும்.

ஒரே ஆசிரியர் இரண்டு வகுப்புகளைப் பார்க்கும்போது இவை எதற்கும் நேரமிருக்காது. ஒன்றாம் வகுப்புக்கு அவர் அருகிலேயே உட்கார வேண்டியிருப்பதால் இரண்டாம் வகுப்பு கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டே இருக்கும்.

கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 26-ஆம் பிரிவு, ஒரு பள்ளியில் காலியிடம் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. ஏழு ஆசிரியர் உள்ள பள்ளியில் ஒரு இடம் காலியானாலே 14 சதவீதம். நகரம் முழுவதையும், எல்லா மொழிகளையும் ஒன்றாகக் கூட்டினால் இது கண்ணில் படாமலே போகும். எனவே காலியிடக் கணக்கைப் பள்ளிவாரியாகவும் பயிற்றுமொழிவாரியாகவும் தனித்தனியே எடுக்க வேண்டும் என்பது எங்கள் முதல் கோரிக்கை.

ஓய்வுபெறும் தேதி பணிப் பதிவேட்டில் பல ஆண்டுகளுக்கு முன்பே இருக்கிறது. அந்த இடத்துக்கான ஆள்தேர்வை ஆறு மாதம் முன்னதாகவே தொடங்கினால், ஜூனில் பள்ளி திறக்கும்போது வகுப்பு காலியாக இருக்காது. அறிவிப்பைத் தமிழ் நாளிதழ்களிலும் வெளியிட வேண்டுகிறோம். நிரந்தர நியமனம் ஆகும்வரை, தமிழ்வழியில் கற்பித்து ஓய்வுபெற்றவர்களைத் தற்காலிகமாக அமர்த்தலாம். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை கணிதம்-அறிவியல், சமூக அறிவியல், மொழி ஆகியவற்றுக்குத் தனித்தனி ஆசிரியர் வேண்டும் என்பது அச்சட்டத்தின் அட்டவணையிலேயே உள்ளது. கணித ஆசிரியர் இடத்தை மொழி ஆசிரியரைக் கொண்டு ஈடுகட்ட வேண்டாம்.

தேசியக் கல்விக் கொள்கை 2020 ஆசிரியருக்கு ஆண்டுக்கு 50 மணி நேரப் பயிற்சி என்கிறது. அதில் பத்து மணி நேரமாவது தமிழில், வாசிப்புப் பிழைகளையும் கணக்குப் பிழைகளையும் மட்டுமே வைத்து நடத்த வேண்டும். கொம்பைப் பற்றிப் பேச மராத்தியில் நடக்கும் பயிற்சி வகுப்பில் இடமில்லை.

தேர்தல், மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் பணிகளுக்கு ஆசிரியர்களை அழைக்கச் சட்டம் அனுமதிப்பதை அறிவோம். இரண்டே ஆசிரியர்கள் உள்ள பிரிவிலிருந்து இருவரையும் ஒரே நாளில் அழைக்க வேண்டாம் என்று மட்டும் கேட்கிறோம்.

தாங்கள் தமிழ்வழிப் பள்ளிகளின் காலியிடப் பட்டியலைத் தயாரிக்க உத்தரவிட்டு, எங்கள் பிரதிநிதிகளை நேரில் சந்திக்க நேரம் ஒதுக்கித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பெற்றோரும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும்,
தாராவி.

இணைப்பு: கையொப்பப் பட்டியல்.