செயலாளரின் ஆண்டறிக்கை: வார்லி தேவாலயப் பயணம்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, அங்கத்தவர்களே,

மாதக் கூட்டங்களும் சந்தா விபரமும் பொருளாளரின் அறிக்கையில் அடங்கியுள்ளமையால், இவ்வாண்டில் எமது வரலாற்று வட்டத்துக்கு அதிக பயன் தந்த டிக்கோயா வார்லி தேவாலயப் பயணத்தைப் பற்றியே அறிக்கையிடுகிறேன்.

காசல்ரீ நீர்த்தேக்கத்தை நோக்கிய மேட்டில் கற்சுவர்களுடன் நிற்கும் இந்த அங்கிலிக்கன் தேவாலயம் 1878 இல் கட்டப்பட்டது. கோப்பிச் செடிகளை அழித்த இலைத்துரு நோய் 1869 இலேயே தலைகாட்டியிருந்தும், தோட்டங்களை நடத்திய வெள்ளைக்காரத் துரைமார் கோப்பியைக் கைவிடாதிருந்த காலம் அது. ஹட்டனுக்கு ரயிலும் வந்திருக்கவில்லை. படங்களில் இன்று தேவாலயத்தோடு பிரியாமல் தெரியும் நீர்ப்பரப்போ, 1960களில் கெஹெல்கமு ஓயாவை மறித்து அணை கட்டிய பின்னர் தோன்றியது. அங்கத்தவர் பலர் இதை அங்கு வைத்தே அறிந்துகொண்டனர்.

வர்ணக் கண்ணாடி யன்னல்களையும் பழைய ஓர்கனையும் பார்த்துவிட்டு வெளியே வந்தவர்கள், கல்லறைத் தோட்டத்தை விட்டு நகர மனமின்றி நின்றனர். பாசி படர்ந்த கற்களில் நேரே பார்த்தால் ஓர் எழுத்தும் புலப்படவில்லை. ஈரத் துணியால் மெல்ல ஒற்றி, சாய்வெயிலில் பக்கவாட்டாக நோக்கியபோதே இறந்தவரின் பெயரும் ஆண்டும் அவர் இருந்த பெருந்தோட்டத்தின் பெயரும் ஒன்றன்பின் ஒன்றாகத் துலங்கின.

“துரைமாரின் கோயிலில் நமக்கென்ன வேலை?” என்று புறப்படுமுன் கேட்டவர்களும் உண்டு. காடு வெட்டிக் கன்று நட்டு மடிந்த நம்மவரில் பெரும்பாலானோருக்கு ஒரு நடுகல்லும் இல்லாதபோது, அக்கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. எனினும், பெரியவர்கள் “கோப்பிக் காலத்தில்” என்று மட்டும் சொல்லும் கதைகளுக்கு ஆண்டு குறிக்க, தோட்டப் பெயருடன் கூடிய அக்கற்களைவிட எளிதான துணை நமக்குக் கிடைப்பது அரிது என்பதே செயற்குழுவின் கருத்து. படியெடுத்த வாசகங்களை அந்தந்தத் தோட்டத்து முதியோரிடம் கொண்டுசென்று, அவர்கள் நினைவிலுள்ள கங்காணிமார், குடும்பங்கள் ஆகியோரின் பெயர்களையும் அருகில் எழுதிவர வேண்டுமெனத் தீர்மானித்துள்ளோம். அந்த வேலை இன்னும் தொடங்கவில்லை.

அடுத்த பயணத்துக்குப் பதுளை புனித மாற்கு தேவாலயம் முன்மொழியப்பட்டுள்ளது. 1845 இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து இறந்த மேஜர் ரொஜர்ஸின் நினைவாக எழுப்பப்பட்ட அது, 1857 இல் திறக்கப்பட்டது. யானை வேட்டையில் பேர்போன அவரைப் பற்றி நம்மிடையே கதைகளுக்குக் குறைவில்லை. சென்ற முறை வேன் கூலி தாமதமாகவே சேர்ந்தமையால், வர விரும்புவோர் முற்பணத்துடன் பெயரைப் பதிவுசெய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்