பிஸ்கட் டின்னில் பதினைந்து ஐசி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தாப்பா பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பத்தோரு வருஷம் கிராணியாக (கணக்கு எழுதும் குமாஸ்தாவாக) இருந்து ஓய்வு பெற்றவன் நான். தொழிலாளர் குடியிருந்த பழைய லயத்துக்குப் பக்கத்தில் மிஞ்சியிருக்கும் திடலில் சனி, ஞாயிறு மாலையில் பையன்களுக்குக் காற்பந்து சொல்லிக் கொடுக்கிறேன். ஒரு காலத்தில் நானும் கோல் கீப்பர்தான். மலேசியாவுக்குக் கோல் காத்த 'ஸ்பைடர்மேன்' ஆறுமுகம் மாதிரி பாயப் போய் மணிக்கட்டை முறித்துக்கொண்டதுதான் மிச்சம்.

சென்ற மாதம் மாவட்ட அளவில் 15 வயதுக்குட்பட்டோர் போட்டிக்குப் பதினாறு பேரைக் கூட்டிப் போனேன். ஐசிகளை, அதாவது அடையாள அட்டைகளை, ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு, எங்கள் குழுவிலேயே நல்ல இடதுகால்காரனிடம் கொடுத்து வைத்திருந்தேன். பதிவு மேசையில் டின்னைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கியவன் அவன்தான். பதினைந்து அட்டைகள். அவனுடையது மட்டும் இல்லை. "தா ஆடா ஐசி, தா போலே மாயின்" என்றார் மேசையில் இருந்தவர். ஐசி இல்லையென்றால் ஆட முடியாதாம். அன்று முழுக்க மற்றவர்களின் சிலிப்பருக்குக் காவலாக உட்கார்ந்திருந்தான்.

அவன் அப்பாவுக்கு நீல ஐசி, அதாவது குடியுரிமை உண்டு. அம்மாவுக்குப் பத்திரமே கிடையாது. கோயிலில் தாலி கட்டினார்கள், பதிவு செய்யவில்லை. அப்படியானால் சட்டப்படி பிள்ளைக்கு அம்மாவின் நிலைதான். அவன் தாத்தாவோ இதே தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். செக்ரோலில் (தொழிலாளர் வருகைப் பதிவேட்டில்) அவர் பெயரை என் கையால் எழுதியிருக்கிறேன்.

2025 ஜூன் 10 அன்று மலேசியா வியட்நாமைக் காற்பந்தில் 4-0 என்று வென்றபோது சாப்பாட்டுக் கடையில் நின்று நானும் கத்தினேன். அப்புறம் செப்டம்பரில் ஃபிஃபா, வெளிநாட்டில் பிறந்து மலேசியாவுக்கு ஆடிய ஏழு ஆட்டக்காரர்களின் ஆவணங்கள் போலி என்று சொல்லி மலேசியக் காற்பந்துச் சங்கத்துக்கு 350,000 சுவிஸ் பிராங்க் அபராதமும், அந்த ஏழு பேருக்கும் 12 மாதத் தடையும் விதித்தது. மலேசியாவுக்கு ஆடத் தகுதி காட்ட, ஒருவரின் தாத்தா பினாங்கில் பிறந்ததாகப் பத்திரம் கொடுத்திருந்தார்கள். அசல் பதிவில் அர்ஜென்டினாவின் சாந்தா ஃபே! யார் செய்தது என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. எங்கள் பையனின் தாத்தாவுக்கு இவ்வளவு மெனக்கெட யாரும் வரவில்லையே என்றுதான் பட்டது.

நாட்டுக்கு ஆடுபவரிடம் கடவுச்சீட்டு கேட்கட்டும், சரி. மாவட்டத் திடலில் ஓடும் பையனுக்கு, படம் ஒட்டி, வயதை உறுதிசெய்து தலைமையாசிரியர் தரும் கடிதம் போதாதா? வயதை ஏமாற்றுவார்கள் என்பார்கள். ஏமாற்றத்தான் செய்வார்கள். தம்பியின் ஐசியோடு மீசை வைத்துக்கொண்டு வந்தவர்களையும் அதே மேசை உள்ளே விட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்த ஆண்டு இவனுக்கு இந்தப் பிரிவில் வயது தாண்டிவிடும். இந்த ஆண்டு இறுதியில் இன்னொரு போட்டி இருக்கிறது. அதை நடத்துபவர்கள் யாராவது இதைப் படித்தால் நல்லது.

முன்னாள் தோட்டக் கிராணி,
தாப்பா, பேராக்