குறளின் மீதி எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில், நோயாளியிடம் உண்மையை மறைப்பதில் தப்பே இல்லை, ‘பொய்ம்மையும் வாய்மை யிடத்த’ என்று வள்ளுவரே அனுமதி கொடுத்துவிட்டார் என்று எழுதியிருந்தீர்கள். ‘புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்’, அதாவது குற்றமற்ற நன்மை தருமானால், என்பதற்கு மட்டும் இடமில்லாமல் போயிற்றா? குறள் எண்ணையும் 294 என்று போட்டிருந்தீர்கள். அது 292. 294, உள்ளத்தாலும் பொய் சொல்லாதவனைப் பற்றியது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அச்சுப்பிழைக்காவது மனசாட்சி இருந்திருக்கிறது.

வேலூர் காந்தி ரோட்டில் ஒரு லாட்ஜில் 26 வருஷம் கல்லாவில் உட்கார்ந்தவன் நான். வைத்தியத்துக்கு வரும் வங்காளக் குடும்பங்களில், சாவி வாங்கும்போதே மகன் தாழ்ந்த குரலில் ‘பாபாவிடம் எதுவும் சொல்லிவிடாதீர்கள்’ என்பான். சாயங்காலம் அந்தப் பாபா தனியே இறங்கி வந்து, ‘எனக்குத் தெரியும், பையனிடம் சொல்லாதீர்கள்’ என்பார். இரண்டு பேருக்கும் தலையாட்டியிருக்கிறேன்.

2013-ல் என் மனைவிக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. டாக்டர் அவளிடமே பேசுகிறேன் என்றார். நான்தான் தடுத்து, அல்சர் என்று சொன்னேன். போளூரில் இருக்கும் அக்காவைப் பார்க்க வேண்டும் என்றாள். கண்ணமங்கலம் வழியாகப் பஸ் இருக்கிறது, போயிருக்கலாம். ‘புண் ஆறட்டும், தீபாவளிக்குப் போகலாம்’ என்றேன். தீபாவளிக்கு அவள் இல்லை. அப்புறம் பீரோவைத் திறந்தால், புடவைக்குப் புடவை யாருக்கு என்று எழுதி ஊக்கு குத்தி வைத்திருந்தாள். அக்காவுக்கு இரண்டு.

இதில் எது ஐயா புரைதீர்ந்த நன்மை?

அதே இதழின் கடைசிப் பக்கத்தில், ‘48 நாளில் சர்க்கரை நோய் அடியோடு குணம்’ என்று அரைப்பக்க விளம்பரம். இப்படி விளம்பரம் செய்யக் கூடாதென்று 1954-லேயே சட்டம் வந்தாயிற்று. போன வருஷம் இதைத்தான் எழுதினேன். விளம்பரத்தைப் பற்றிய பத்தியை வெட்டிவிட்டு, ‘வேலூர் வாசகரின் பாராட்டு’ என்று தலைப்பிட்டு வெளியிட்டீர்கள். மிக்க நன்றி. 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து எங்கள் மார்க்கெட்டில் எந்தக் கத்திரிக்காயைக் கேட்டாலும் இலவம்பாடி முள்ளுக்கத்திரிதான். காம்பைப் பிடித்தால் ஒரு முள்ளும் குத்தாது. ஆனால் அந்த வியாபாரி வள்ளுவரைத் துணைக்கு அழைப்பதில்லை.

வரும் ஞாயிறு ஒரு மூலையிலாவது எண்ணைத் திருத்தி, விட்டுப்போனதையும் சேர்த்துப் போடுங்கள். இடம் போதாவிட்டால் என் பெயரை வெட்டிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பழைய வாசகன்,
சத்துவாச்சாரி, வேலூர் - 9